கடைசி நூறு டிகிரியில் ஊரும் மின்சூளை: கோளாறை எங்கே தேடுவது?

கேள்வி சுருக்கமாக இது: 150 லிட்டர், முன்பக்கக் கதவு, 9 கிலோவாட், மட்பாண்டம் சுடும் மூன்று ஃபேஸ் மின்சூளை. வாங்கி இரண்டு வருஷம், சுமார் 90 ஃபயரிங் ஆகியிருக்கிறது. ஆரம்பத்தில் கோன் 6 (கோன் என்பது குறிப்பிட்ட சூட்டில் சாயும் சிறு கூம்பு, 6 என்றால் சுமார் 1220 முதல் 1240 டிகிரி) கிளேஸ் ஃபயரிங்குக்கு, அதாவது பூச்சு வேகச் சுடுவதற்கு, 9 மணி நேரம் பிடித்தது, இப்போது 14 மணி நேரம் ஆகிறது. 1100 டிகிரி வரை ஓரளவு போய்விடுகிறது. அதற்கு மேல் ஊர்கிறது. சில நாள் 1190-ல் நின்றேவிடுகிறது. எலிமென்ட் (சூடேற்றும் கம்பிச் சுருள்) எல்லாம் சிவந்துதான் எரிகிறது. புது செட் எலிமென்ட் வாங்கிப் போட்டுவிடலாமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். எலிமென்ட் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டுதான். ஆனால் நீங்கள் சொல்லும் இதே அறிகுறி வோல்டேஜ் குறைந்தாலும் வரும், ஒரு ஃபேஸ் போனாலும் வரும், கதவில் இடைவெளி விழுந்தாலும் வரும். பழுது வேறிடத்தில் இருந்தால் புது எலிமென்ட் போட்ட பிறகும் சூளை இதேபோல்தான் ஊரும். ஒரு மல்டிமீட்டரும் கிளாம்ப் மீட்டரும் இருந்தால் ஒரே ஃபயரிங்கில் விஷயம் தெரிந்துவிடும்.

ஏன் கடைசியில் மட்டும் ஊர்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். சூளைக்குள் உண்டாகும் சூடு இரண்டு வழியில் செலவாகிறது. ஒரு பங்கு சுவர் வழியாக வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. மீதிதான் உள்ளே இருக்கும் சரக்கைச் சூடேற்றுகிறது. 500 டிகிரியில் சுவர் வழியே போவது சொற்பம், 1200-ல் அதுதான் பெரிய செலவு. ஒரு கணக்குக்காக, 1200 டிகிரியில் சுவரும் கதவும் சேர்ந்து 6 கிலோவாட் தின்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 கிலோவாட் முழுசாக வந்தால் மேலே ஏற 3 மிச்சம். வருவது 6.8 ஆகக் குறைந்தால் மிச்சம் வெறும் 0.8. வரவில் கால் பங்குதான் குறைந்தது, ஆனால் ஏறும் வேகம் கால் பங்காகவே சுருங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் குறைந்தால் வரவும் செலவும் சரியாகி, முள் அந்த இடத்திலேயே நின்றுவிடும். உங்கள் 1190 அப்படிப்பட்ட இடமாக இருக்கலாம். அதனால்தான் பூச்சில்லாமல் குறைந்த சூட்டில் முதலில் சுடும் பிஸ்க் ஃபயரிங் பெரிய வித்தியாசமில்லாமல் முடிவதும், கிளேஸ் ஃபயரிங் மட்டும் இழுப்பதும்.

அடுத்த ஃபயரிங்கில் முதலில் கன்ட்ரோலரைப் பாருங்கள். சூளை பின்தங்கி ஊரும் நேரத்தில் அவுட்புட் விளக்கு விடாமல் எரிகிறதா, விட்டு விட்டு எரிகிறதா? விடாமல் எரிந்தால் கன்ட்ரோலர் தன்னால் கேட்க முடிந்ததையெல்லாம் கேட்டுவிட்டது, கரண்ட்தான் போதவில்லை என்று அர்த்தம். செட் பாயின்ட் (அந்த நேரத்தில் எட்ட வேண்டிய வெப்பநிலை) 1200-க்கு மேல் இருந்து, அளவு 1150 காட்டும்போதும் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் கோளாறு கன்ட்ரோலர் செட்டிங்கில். பல பி.ஐ.டி. கன்ட்ரோலர்களில் (வெப்பநிலை வித்தியாசத்தைப் பார்த்துக் கரண்டைக் கூட்டிக் குறைப்பவை) அவுட்புட் உச்சவரம்பு என்று ஒரு செட்டிங் உண்டு. யாரோ அதை 80 சதவீதத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தால் சூளை ஆயுசுக்கும் முழு வீச்சில் ஓடாது. இன்னொன்று, புரோகிராமிலேயே கடைசி கட்டத்துக்கு மணிக்கு 40 டிகிரி என்று போட்டுவிட்டு சூளையைக் குறை சொல்வது. இதுவும் நடப்பதுதான்.

அடுத்த சந்தேகம், சூளை உண்மையிலேயே குளிர்ச்சியாக இருக்கிறதா, அல்லது சூட்டை அளக்கும் கம்பியான தெர்மோகப்பிள் பொய் சொல்கிறதா என்பது. பழைய கே டைப் (நிக்கல் கலவைக் கம்பி) தெர்மோகப்பிள் பெரும்பாலும் குறைத்துக் காட்டும் பக்கமாகத்தான் கெடும். முனையில் கம்பி ஆக்ஸைடாகிச் செதில் உதிர்ந்து மெலிந்திருந்தால் 1190 என்று காட்டும்போது உள்ளே 1220 இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம், கோன் போதும். 5, 6, 7 எண் கோன் மூன்றையும் (எண் கூடக் கூட அதிகச் சூட்டில் சாயும்) வரிசையாக ஒரு களிமண் கட்டியில் நட்டு மேல், நடு, கீழ் ஷெல்ஃப் மூன்றிலும் வையுங்கள். 1190 காட்டிய ஃபயரிங்கில் 7-ம் சாய்ந்து கிடந்தால் தெர்மோகப்பிளை மாற்றுங்கள், எலிமென்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். 5 கூட நிமிர்ந்து நின்றால் சூளை நிஜமாகவே சூடேறவில்லை. மேலே 6 விழுந்து கீழே 5 நிற்கிறதென்றால் கீழ்ப்பக்க எலிமென்ட் ஒன்று செத்திருக்கலாம்.

கோன் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இப்போதைக்கு உங்களுக்கு இதுவே பெரிய உதவி. கோன் வெறும் வெப்பநிலையை மட்டும் அளப்பதில்லை, அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதையும் சேர்த்தே அளக்கிறது. கோன் தயாரிக்கும் ஆர்டன் நிறுவனத்தின் அட்டவணைப்படி கடைசி கட்டத்தில் மணிக்கு 150 டிகிரி வேகத்தில் ஏறினால் கோன் 6 சுமார் 1243-ல் சாயும். 60 டிகிரி வேகத்தில் 1222-லேயே சாய்ந்துவிடும். அதைவிட மெதுவாக ஊர்ந்தால் இன்னும் கீழே. ஆகவே சூளை 1190-ல் இரண்டு மூன்று மணி நேரம் நின்றால், திரையில் 1222 வரவில்லை என்று காத்திருக்காதீர்கள். பார்வைத் துளை வழியே கோனைப் பாருங்கள். வெறும் கண்ணால் வேண்டாம், வெல்டிங் கண்ணாடி போட்டுப் பாருங்கள். 6 சாய்ந்துவிட்டால் கிளேஸ் வெந்துவிட்டது, சூளையை நிறுத்தலாம்.

தெர்மோகப்பிளில் வேறு மூன்று இடங்களையும் பாருங்கள். முனை சுவரைவிட்டு 25 முதல் 50 மி.மீ. உள்ளே நீட்டியிருக்க வேண்டும். கதவு சாத்தும்போதோ ஷெல்ஃப் இடித்தோ பின்னால் போய்ச் சுவருக்குள் ஒளிந்துகொண்டால் குறைவாகவே காட்டும். இரண்டாவது, தெர்மோகப்பிளிலிருந்து கன்ட்ரோலருக்கு வரும் வயர் அதற்கென்றே உள்ள காம்பென்சேட்டிங் வயராக இருக்க வேண்டும். அது எரிந்துபோனதென்று யாராவது சாதாரண காப்பர் வயர் போட்டிருந்தால், தெர்மோகப்பிள் தலைப்பகுதி 70 டிகிரியும் கன்ட்ரோலர் பெட்டி 35 டிகிரியும் இருக்கும்போது அந்த 35 டிகிரி அப்படியே காணாமல் போகும். மூன்றாவது, புதிதாக மாற்றியபோது டைப் மாறிப்போவது. எஸ் டைப் பிளாட்டினம் தெர்மோகப்பிளைப் போட்டுவிட்டு கன்ட்ரோலரை கே-யிலேயே விட்டால் உள்ளே 1000 டிகிரி இருக்கும்போது திரையில் 236 வரும். சூளை ரொம்ப ஸ்லோ என்று நினைத்து விட்டுவிட்டுத் தூங்கப் போனால், காலையில் ஷெல்ஃபும் பாத்திரமும் ஒன்றாக உருகிக் கிடக்கும்.

இனி கரண்ட். இங்கிருந்து பேனலைத் திறக்கும் வேலை. கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டியதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்தே அளக்கச் சொல்லுங்கள். ஓம் பார்ப்பதென்றால் மெயினை அணைத்து, மூன்று ஃபேஸும் செத்திருப்பதை மீட்டரால் உறுதி செய்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

9 கிலோவாட்டை மூன்றாகப் பிரித்தால் ஃபேஸுக்கு 3 கிலோவாட். ஸ்டார் கனெக்‌ஷனில் (எலிமென்ட் ஒரு ஃபேஸுக்கும் நடுப்புள்ளிக்கும் இடையே) 230 வோல்டுக்கு 13 ஆம்பியர், எலிமென்ட் ரெசிஸ்டன்ஸ் 17.6 ஓம். இந்த மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் சூளை டெல்டாவாக (எலிமென்ட் இரண்டு ஃபேஸுக்கு இடையே) இருந்தால் எலிமென்டுக்கு 400 வோல்ட், 53 ஓம் என்று மாறும். பேனலில் உள்ள சர்க்யூட் படத்தில் இருக்கும்.

வோல்டேஜைப் பற்றி எல்லோரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் சூடும் 10 சதவீதம்தான் குறையும் என்று நினைப்பு. அப்படியல்ல, வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஆம்பியரும் கூடவே இறங்குகிறது அல்லவா? 230 வர வேண்டிய இடத்தில் 200 வந்தால் 17.6 ஓமில் 11.3 ஆம்பியர்தான் ஓடும். ஃபேஸுக்கு 2.27 கிலோவாட், மூன்றுக்கும் 6.8. மேலே கணக்குக்காகச் சொன்ன அந்த 6.8 இதுதான். எலிமென்ட் புத்தம் புதியதாக இருந்தாலும் 200 வோல்டில் உங்கள் சூளை 9 கிலோவாட் சூளை இல்லை.

இதை எப்போது, எங்கே அளக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காலை பத்து மணிக்கு, சூளை அணைந்திருக்கும்போது, மெயின் போர்டில் அளந்தால் 232 காட்டும், எலக்ட்ரீஷியன் “வோல்டேஜ் நல்லா இருக்கு சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அது பயன்படாது. சூளை முழு லோடில் ஓடும்போது, சூளையின் டெர்மினலில், அது வழக்கமாக ஊரும் அதே நேரத்தில் அளக்க வேண்டும். மூன்று ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே தனித்தனியாக. காலையில் மூட்டினால் உச்சச் சூடு மாலை ஆறு மணிக்கு மேல் வரும். தெருவில் எல்லா வீட்டு விளக்கும், மோட்டாரும், ஏ.சி.யும் ஓடும் நேரம். டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைசிக் கம்பத்தில் இருப்பவர்களுக்கு இந்த நேரத்தில்தான் அடி அதிகம்.

சூளையை அணைத்ததும் அதே இடத்தில் வோல்டேஜ் எவ்வளவு ஏறுகிறது என்றும் பாருங்கள். 205-லிருந்து 208-க்கு மட்டும் ஏறினால் குறை ஈ.பி. லைனில். 205-லிருந்து 226-க்குத் தாவினால் குறை பெரும்பாலும் உங்கள் இடத்திலேயோ, கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரிலேயோ. மெல்லிய கேபிள், தளர்ந்த இணைப்பு, அலுமினியத்தையும் காப்பரையும் நேரடியாக முறுக்கிய ஜாயின்ட் என்று ஏதாவது ஒன்று. மீட்டர் போர்டில் ஒரு தடவை, சூளையில் ஒரு தடவை லோடோடு அளந்தால் எந்தப் பகுதியில் விழுகிறது என்று பிடித்துவிடலாம். மூன்று ஃபேஸ் சூளையில் 30 மீட்டர் தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் போட்டாலும் இழப்பு 3 வோல்டுக்குள்தான். சிங்கிள் ஃபேஸில் 6 கிலோவாட் சூளை வைத்திருப்பவர்கள் கதை வேறு. அதே வயரில் 26 ஆம்பியர் போய்த் திரும்பும்போது 11 வோல்டுக்கு மேல் வயரிலேயே போய்விடும், வயரும் சூடாகும். அதற்கு 6 ஸ்கொயர் எம்.எம்.-க்குக் குறைந்து போடக் கூடாது.

வோல்டேஜ் பார்க்கும்போதே கிளாம்ப் மீட்டரால் ஆம்பியரையும் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு ஃபேஸ் வயரையும் தனித்தனியாகக் கவ்வ வேண்டும். மூன்றையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம்தான் காட்டும். மூன்று எண்ணும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் நல்லது. இரண்டு 12, ஒன்று 6 என்று வந்தால் விடை கைக்கு வந்துவிட்டது. ஃபேஸுக்கு இரண்டு எலிமென்டை பேரலலாக இணைத்திருக்கும் சூளையில் ஒன்று அறுந்தால் அந்த ஃபேஸில் ஆம்பியர் சரிபாதியாகும். ஒரு ஃபேஸில் சுத்தமாக ஒன்றுமே இல்லை என்றால் பியூஸ், எம்.சி.பி., கான்டாக்டர் (கன்ட்ரோலர் சொல்வதைக் கேட்டு எலிமென்டுக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்), எலிமென்ட் என்று வரிசையாகப் பாருங்கள். நியூட்ரல் இணைத்த ஸ்டாரில் ஒரு ஃபேஸ் போனால் மூன்றில் ஒரு பங்குதான் நஷ்டம். நியூட்ரல் இணைக்காத ஸ்டாரிலும், டெல்டாவில் வரும் லைன் ஒன்று போனாலும், பாதி போய்விடும். 9 கிலோவாட் சூளை 4.5-ல் ஓடும், 1000 டிகிரி தாண்டுவதே பெரும் பாடாகிவிடும்.

“எல்லாம் சிவந்துதான் எரிகிறது” என்பதை இங்கே திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. 800 டிகிரிக்கு மேல் செங்கல்லும் சிவக்கும், பாத்திரமும் சிவக்கும், செத்த எலிமென்டும் பக்கத்துச் சூட்டில் சேர்ந்து சிவக்கும். அந்தச் சிவப்பு எதற்கும் சாட்சியல்ல. காலி சூளையைக் குளிர்ந்த நிலையில், அறையை இருட்டாக்கிவிட்டு, முழு வீச்சில் பத்து நிமிடம் போட்டுப் பார்வைத் துளை வழியே பாருங்கள். எந்த வரிசை கறுப்பாகவே இருக்கிறதோ அதுதான் செத்தது. துளை வழியே எல்லா வரிசையும் தெரியாவிட்டால், மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு எலிமென்ட் மேலும் ஒரு துண்டுத் தாளை வைத்து, கதவைச் சாத்தி, இரண்டு மூன்று நிமிடம் போட்டு அணையுங்கள். பழுப்பேறாத தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

வோல்டையும் ஆம்பியரையும் ஒரே சமயத்தில் எடுத்திருந்தால் எலிமென்டின் வயதும் அதிலேயே இருக்கிறது. உதாரணமாக 205 வோல்ட், 10.2 ஆம்பியர் என்று வந்தது. 205-ஐ 10.2-ஆல் வகுத்தால் 20.1 ஓம். இது சூடாக இருக்கும்போது உள்ள அளவு. எலிமென்ட் செய்யும் காந்தல் ஏ-1 கம்பி உச்சச் சூட்டில் குளிர்ந்த அளவைவிட சுமார் 4 சதவீதம் கூடக் காட்டும், அதைக் கழித்தால் 19.3. புதிதில் 17.6 இருந்தது 19.3 ஆகியிருக்கிறது, அதாவது 10 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவான தேய்மானம். சூளைக்குப் போகும் சக்தி 205 பெருக்கல் 10.2, ஃபேஸுக்கு 2.1 கிலோவாட், மொத்தம் 6.3. இப்போது கணக்கைப் பிரித்துப் பாருங்கள். எலிமென்ட் தேய்ந்ததால் போனது 9 சதவீதம், வோல்டேஜால் போனது 20 சதவீதம். இந்தச் சூளைக்குப் புது எலிமென்ட் மட்டும் போட்டால் கொஞ்சம் தெம்பு வரும், பழைய 9 மணி நேரம் திரும்ப வராது. (காந்தல் என்பது ஸ்வீடன் கம்பெனியின் பெயர். தமிழில் அந்தச் சொல்லுக்கு எரிச்சல் என்று பொருள் இருப்பது தற்செயல்.)

குளிர்ந்த நிலையில் ஓம் பார்ப்பதும் கஷ்டமில்லை. மெயின் அணைந்திருக்க வேண்டும், எலிமென்டின் ஒரு முனையாவது டெர்மினலிலிருந்து கழன்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து எலிமென்ட் வழியாகவும் மீட்டர் படித்துவிடும். அளக்குமுன் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.3 ஓம் என்று ஏதாவது காட்டும், அதைக் கடைசியில் கழித்துவிடுங்கள். சின்ன எண்களில் இது முக்கியம். புதிதில் இருந்ததைவிட 10 சதவீதம் கூடிவிட்டால் கோன் 6 சுடுபவர்கள் மாற்றுவதற்குத் தயாராகலாம். பிஸ்க் மட்டும் சுடுபவர்கள் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். கோன் 6-க்கு நூறு, நூற்றைம்பது ஃபயரிங் தாங்கினால் நல்ல ஆயுள்தான். உங்கள் 90-ல் தேய்மானம் தெரிவது ஆச்சரியமில்லை.

அடுத்து கான்டாக்டரும் டெர்மினலும். எலிமென்ட் முனையை வெளியே இணைக்கும் இடத்தில் ஒரு லக்கை (வயர் முனையில் அழுத்திப் பொருத்தும் உலோகக் காது) அருகில் வைத்துப் பாருங்கள். நல்ல லக் மங்கலான ஒரே நிறத்தில் இருக்கும். தளர்ந்த லக்கில் போல்ட்டைச் சுற்றி நீலமும் பழுப்புமாக வளையம் விழுந்திருக்கும், வயரின் மேலுறை ஓர் அங்குலத்துக்குக் கருகிச் சுருங்கி, உள்ளே காப்பர் இழைகள் கறுத்து நொறுங்கும். விரலால் அசைத்தால் ஆடும். அதை வெறுமனே முறுக்கி இறுக்கிப் பயனில்லை. கருகிய நீளத்தை வெட்டி எறிந்து, சூடு தாங்கும் ஃபைபர் கிளாஸ் உறை வயரில் புது லக் கிரிம்ப் செய்யுங்கள்.

கான்டாக்டருக்குச் சுலபமான சோதனை, அது ஒட்டியிருக்கும்போது ஒரே ஃபேஸின் உள்வரும் முனைக்கும் வெளியேறும் முனைக்கும் இடையே வோல்டேஜ் பார்ப்பது. ஒரு வோல்டில் சின்னப் பங்குதான் வரவேண்டும். 3 வோல்ட் வந்தால் 13 ஆம்பியரில் 39 வாட் அந்தப் பாயின்டிலேயே எரிந்துகொண்டிருக்கிறது. பாயின்ட் குழி விழுந்து கரியாகிவிட்டது என்று பொருள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள். கான்டாக்டர் காயில் பொதுவாக அதற்குரிய வோல்டேஜில் 85 சதவீதமாவது வந்தால்தான் உறுதியாகப் பிடிக்கும், 230-க்கு அது 195. மாலையில் வோல்டேஜ் அந்தப் பக்கம் இறங்கும்போது கான்டாக்டர் இரைந்துகொண்டே டடடட என்று அடித்துக்கொள்ளும், பாயின்ட் சீக்கிரம் போய்விடும். லோ வோல்டேஜ் இப்படிச் சூட்டையும் குறைத்து, கான்டாக்டரையும் கெடுக்கும். பாயின்ட் கெட இன்னொரு காரணம், கன்ட்ரோலரின் சைக்கிள் டைம், அதாவது ஒரு தடவை போட்டு அணைக்க எடுக்கும் நேரம். கான்டாக்டருக்குப் பதில் எஸ்.எஸ்.ஆர். (அசையும் பாகமில்லாத எலக்ட்ரானிக் சுவிட்ச்) ஆக இருந்தால் 2 நொடி சரி. கான்டாக்டருக்கு 20, 30 நொடி வேண்டும். 2 நொடி போட்டால் ஒரு ஃபயரிங்கில் ஆயிரக்கணக்கான தடவை அடித்து ஓய்ந்துவிடும்.

இது எல்லாம் சரியாக இருந்தும் ஊர்ந்தால் சூடு வெளியே ஓடுகிறது, அல்லது உள்ளே இருக்கும் சரக்கு தேவைக்கு மேல் தின்கிறது. கதவை 1000 டிகிரியில் இருட்டில் பாருங்கள். ஓரத்தில் எங்கே வெளிச்சக் கோடு தெரிகிறதோ அங்கே ஓட்டை. கீல் தொய்ந்து மேல் மூலையில் விரல் நுழையும் இடைவெளி விடுவது முன்கதவுச் சூளைக்கு சகஜம். கீலைச் சரிசெய்யுங்கள், கதவைச் சுற்றியுள்ள ஃபைபர் கயிற்றை மாற்றுங்கள். ஃபைபரில் கை வைக்கும்போது மாஸ்க் கட்டாயம், பழசு இன்னும் மோசம். பார்வைத் துளை அடைப்பான் 600 டிகிரிக்கு மேல் உள்ளே இருக்க வேண்டும். செங்கல்லில் மயிரிழை விரிசல் பற்றிக் கவலை வேண்டாம், விரிந்து சுருங்கும் இடம் அது. மழைக்காலத்தில் இரண்டு மாதம் சும்மா கிடந்த சூளை முதல் ஃபயரிங்கில் 100 டிகிரியில் வழக்கத்தைவிட அதிக நேரம் நிற்கும். செங்கல் குடித்த ஈரம் போகிற வரைதான்.

சரக்கின் எடை பலர் கணக்கில் எடுக்காதது. சுட்ட மண்ணுக்கும் ஷெல்ஃபுக்கும் கிலோவுக்கு, டிகிரிக்கு சுமார் 1 கிலோஜூல் வேண்டும். அப்படியானால் 20 கிலோ ஷெல்ஃபையும் தூணையும் 1200 டிகிரிக்குக் கொண்டுபோக 6.7 யூனிட் கரண்ட், 9 கிலோவாட்டில் முக்கால் மணி நேரம். இரண்டு வருஷத்தில் சின்னக் கப்புகளுக்காக ஷெல்ஃப் வரிசையைக் கூட்டிக்கொண்டே போனீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அந்த 5 மணி நேரத்தில் ஒரு மணி நேரம் அங்கேயே இருக்கலாம். ஷெல்ஃப் ஓரம் எலிமென்டிலிருந்து 25 மி.மீ.-யாவது தள்ளி இருக்கட்டும். சிலிக்கன் கார்பைடு ஷெல்ஃப் கரண்டைக் கடத்தும், எலிமென்டைத் தொடவே கூடாது.

குறை ஈ.பி. லைனில் என்று தெரிந்தால் என்ன செய்வது? காசில்லாத வழி, மூட்டும் நேரத்தை மாற்றுவது. மாலை ஏழு மணிக்கு மூட்டுங்கள். ஆரம்பத்தில் எப்படியும் மெதுவாகத்தான் போகிறோம், லோ வோல்டேஜ் நேரம் அதிலேயே கழிந்துவிடும். 1000-க்கு மேல் ஏறும் கட்டம் நள்ளிரவுக்குப் பிறகு வரும். அப்போது 230-ஐத் தாண்டியும் வரலாம். அடுத்து, நேரம் குறித்து மூன்று ஃபேஸ் வோல்டேஜையும் எழுதி ஈ.பி. ஆபீஸில் எழுத்தில் கொடுங்கள். ஒரு ஃபேஸில் மட்டும் வீடுகள் குவிந்திருந்தால் பிரித்துப் போட முடியும், டிரான்ஸ்பார்மரில் டேப் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு) இருந்தால் மாற்ற முடியும். வாய்ச்சொல்லைவிட எண்களுக்கு மதிப்பு அதிகம்.

சர்வோ ஸ்டெபிலைசர் வேலை செய்யும், 9 கிலோவாட்டுக்கு 15 கே.வி.ஏ. வேண்டும். ஆனால் அது கரண்டை உற்பத்தி செய்வதில்லை. 200 வோல்டை வாங்கி 230-ஆக 13 ஆம்பியர் கொடுக்க, லைனிலிருந்து 15 ஆம்பியர் இழுக்கும். சர்வீஸ் வயர் ஏற்கெனவே மெலிந்ததென்றால் வோல்டேஜ் மேலும் விழும். முதலில் வயர், பிறகு ஸ்டெபிலைசர்.

ராவும் பகலும் 210, 215-ல்தான் இருக்கிறதென்றால் அந்த வோல்டேஜுக்கே எலிமென்ட் சுற்றச் சொல்லலாம். 215 வோல்டில் 3 கிலோவாட்டுக்கு 15.4 ஓம். என்றாவது 240 வந்தால் 15.6 ஆம்பியர் இழுத்து 3.7 கிலோவாட் ஆகும். கான்டாக்டர், எம்.சி.பி., வயர் மூன்றும் அதைத் தாங்க வேண்டும். வோல்டேஜ் மேலும் கீழும் ஆடும் ஊரில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எலிமென்ட் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால் கடைக்காரரிடம் ஓம் மட்டும் சொன்னால் போதாது, கம்பியின் விட்டத்தையும் சொல்லுங்கள். 17.6 ஓமுக்கு காந்தல் ஏ-1 கம்பி 2 மி.மீ. தடிப்பில் 38 மீட்டர் வேண்டும், 1.6 மி.மீ.-யில் 24 மீட்டர் போதும். மீட்டரில் இரண்டும் ஒரே ஓம் காட்டும், மெல்லியது விலையும் குறைவு. ஆனால் சூட்டை வெளியே விடும் பரப்பு அதில் பாதிதான், அதனால் அதே 3 கிலோவாட்டுக்குக் கம்பி அதிகமாகச் சூடேறும், சீக்கிரம் அறும். கம்பி எந்த வகை என்று பார்க்க ஒரு காந்தம் போதும். காந்தல் குளிர்ந்த நிலையில் காந்தத்தில் ஒட்டும், நிக்ரோம் ஒட்டாது. நிக்ரோம் கம்பி சுமார் 1200 டிகிரி வரைதான் தாங்கும். கோன் 6 சூளையில் கம்பி அறையைவிடவும் சூடாக இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டால் ஏன் கூடாது என்று புரியும்.

முழு செட்டையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையதும் புதியதும் பேரலலாக இருந்தால் புதியது அதிகமாக உழைக்கும், சீரீஸில் இருந்தால் பழையது. இரண்டிலும் சூடு சமமாகப் பரவாது. சுருளை இழுக்கும்போது ஒரே சீராக இழுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய சுற்றுகள் அங்கேயே உருகும். பள்ளத்தில் சிந்திய கிளேஸைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியதை வையுங்கள், கிளேஸ் பட்ட இடத்தில் கம்பியின் மேலுள்ள அலுமினா தோல் கரைந்துவிடும். பழைய எலிமென்டை வளைக்க வேண்டி வந்தால் குளிர்ந்தபடி வளைக்காதீர்கள், கண்ணாடிபோல் ஒடியும். சிவக்கும்வரை சூடேற்றி, மெயினை அணைத்துவிட்டு வளையுங்கள்.

முதல் ஃபயரிங் சரக்கில்லாமல், பார்வைத் துளை திறந்தபடி, மெதுவாக 1050 டிகிரி வரை. காற்றுப் பட்டால்தான் அந்த அலுமினா தோல் நன்றாகப் படியும். ஆறியதும் மூன்று ஃபேஸின் ஓமையும் அளந்து, தேதியோடு பேனல் கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிவையுங்கள். அடுத்த முறை சூளை ஊரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த மூன்று எண்கள் வேண்டும்.